உள்ளூர் எஃப்.எம்.மில் உள்ளூர்க்காரர் எங்கே போனார்? அமெரிக்க வானொலி ஆட்குறைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தினமும் காரில் ரேடியோ கேட்கிறவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். வருடக்கணக்காகக் காலையில் கேட்டுப் பழகிய குரல் ஒரு திங்கட்கிழமை வராது. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே பாட்டுகள், அதே ஜிங்கிள், ஆனால் பேசுவது வேறு யாரோ. அந்த வேறு யாரோ ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அண்மைக் காலத்தில் ஆளே இல்லாமலும் இருக்கலாம்.

இது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கிய உதாரணம் ஐஹார்ட்மீடியா. பழைய பெயர் கிளியர் சேனல். நாட்டிலேயே அதிக வானொலி நிலையங்களை வைத்திருக்கும் கம்பெனி அதுதான். மற்றவர்கள் பெரும்பாலும் அது போட்ட பாதையில்தான் போனார்கள்.

2020 ஜனவரியில் அப்படி என்ன நடந்தது?

ஐஹார்ட்மீடியா தன் 850 சொச்சம் நிலையங்களில் ஒரே வீச்சில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பியது. எத்தனை பேர் என்று கம்பெனி சொல்லவே இல்லை. சில நூறு முதல் ஆயிரம் வரை என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. பெரிய நகரங்களைவிட நடுத்தர, சிறிய ஊர்களில்தான் அடி பலமாக விழுந்தது. ஆர்ஜேக்கள், நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள், செய்தி வாசிப்பவர்கள், தயாரிப்பாளர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். இருபது முப்பது வருடம் ஒரே நிலையத்தில் இருந்தவர்களும் உண்டு.

புதிய தொழில்நுட்பத்திலும் செயற்கை நுண்ணறிவிலும் செய்த முதலீட்டைப் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகத்தை மாற்றி அமைக்கிறோம் என்பது கம்பெனி சொன்ன காரணம். சில நகரங்களில் மையங்கள் வைத்து, அங்கிருந்தே பல ஊர் நிலையங்களுக்கான வேலையைச் செய்வது திட்டம். அந்த மையங்களுக்கு ‘சென்டர்ஸ் ஆஃப் எக்ஸலன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வேலை போனவர்கள் அந்தப் பெயரை எப்படி உச்சரித்திருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

வேலை போகிறவருக்குக் கடைசியாக ஒரு நாள் பேசக்கூட ஏன் இடம் தருவதில்லை?

பெரும்பாலும் மைக்குக்குப் பயந்துதான். வங்கியிலோ தொழிற்சாலையிலோ ஒருவர் கோபத்தில் எதையாவது சொன்னால் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்கும். ஆர்ஜே சொன்னால் ஊருக்கே கேட்கும். அதனால் நிகழ்ச்சி முடிந்த கையோடு அறைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே எச்.ஆர். ஆள் நேரிலோ போனிலோ காத்திருப்பார். வெளியே வரும்போது அடையாள அட்டை கதவைத் திறக்காது. மாலைக்குள் நிலையத்தின் இணையதளத்திலிருந்து படமும் போயிருக்கும். நேயர்கள் போன் செய்து விசாரித்தால், வரவேற்பில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. அதாவது, வரவேற்பில் இன்னும் ஒருவரை விட்டுவைத்திருந்தால்.

நெடுநாள் பணியாற்றிய ஒருவரை மதித்துப் பிரியாவிடை நிகழ்ச்சி வைக்கும் நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் அவராக ஓய்வு பெறும்போதுதான்.

ஒரே கம்பெனியிடம் 850 நிலையங்கள் எப்படிப் போயின?

1996-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தால். அந்த வருடம் பிப்ரவரி 8-ம் தேதி பில் கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு ஒரு முதலாளி நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கு உச்சவரம்பு இருந்தது: 20 ஏ.எம்., 20 எஃப்.எம்., மொத்தம் 40. புதிய சட்டம் தேசிய உச்சவரம்பை அடியோடு எடுத்துவிட்டது. ஒரு நகரத்துக்குள் எத்தனை என்பதற்கு மட்டும் வரம்பு வைத்தது. 45 நிலையங்களோ அதற்கு மேலோ இருக்கும் பெரிய சந்தையில் ஒருவர் எட்டு வரை வைத்துக்கொள்ளலாம்.

கிளியர் சேனல் 1972-ல் டெக்சஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் ஒரே ஒரு எஃப்.எம். நிலையத்தோடு தொடங்கிய கம்பெனி. லோரி மேஸ், ரெட் மெக்கோம்ப்ஸ் என்ற இருவர் அதை நடத்தினார்கள். சட்டம் வந்தபோது கையில் இருந்தது நாற்பது சொச்சம். 2000-களின் தொடக்கத்தில் 1,200-ஐத் தொட்டுவிட்டது. ஊரில் ஒன்றிரண்டு நிலையம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அவர்கள் கனவிலும் காணாத விலை கிடைத்தது; விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வாய்ஸ் டிராக்கிங் என்றால் சரியாக என்ன?

ஆர்ஜே பேசுவதை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து, பாட்டுகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் செருகிவிடுவது.

திரையில் நிகழ்ச்சியின் பட்டியல் வரிசையாக நிற்கும். பாட்டு, பாட்டு, விளம்பரம், பாட்டு. நடுநடுவே குரலுக்கான காலிக் கட்டங்கள். ஆர்ஜே ஒரு கட்டத்தைத் தொட்டதும் முந்தைய பாட்டின் கடைசிச் சில நொடிகள் ஹெட்போனில் ஒலிக்கும். அது தேயும்போது இவர் பேசத் தொடங்குவார். அடுத்த பாட்டின் முன்னிசை அடியில் ஓட ஆரம்பிக்கும். திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் பேச்சு முடிந்துவிட வேண்டும். சரியாக விழவில்லையா, அழித்துவிட்டு மறுபடி. விழுந்துவிட்டதா, அடுத்த கட்டத்துக்குத் தாவல். நடுவில் இருக்கும் மூன்றரை நிமிடப் பாட்டை அவர் கேட்கவே மாட்டார். இப்படிச் செய்தால் நான்கு மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அடுத்து வேறு ஊர், வேறு ஜிங்கிள், சில சமயம் வேறு பெயர்.

மிச்சமாகும் நேரம் அந்த மூன்றரை நிமிடங்கள்தான். பழைய நாளில் பாட்டு ஓடும்போது ஆர்ஜே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அப்போதுதான் போனை எடுப்பார். பாலத்தில் வண்டிகள் நிற்கின்றன என்று ஒரு லாரிக்காரர் சொல்வார். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று ஒரு அம்மா கேட்பார். அடுத்த முறை மைக்கைத் திறக்கும்போது அதுதான் பேச்சாகும். ஒரு நிலையம் உள்ளூர் நிலையமானது பாட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில். வெட்டி எறிந்ததும் சரியாக அதைத்தான். கணக்குப் பிள்ளைக்கு அது வெறும் காலி நேரம்.

கேட்கிறவர்களை ஏமாற்றுவது ஆகாதா?

பதிவு செய்த குரலை ஒலிபரப்புவது சட்டப்படி குற்றமில்லை. நேரம் முக்கியமான ஒரு விஷயத்தைப் பதிவு செய்து, இப்போது நடப்பதுபோல வேண்டுமென்றே காட்டினால் அது பதிவு என்று அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. எஃப்.சி.சி. என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பதிவில் மணி சொல்ல மாட்டார்கள், ‘இப்போது’ என்பதைத் தவிர்ப்பார்கள். ‘வெளியே நல்ல நாள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனாலும் எல்லை தாண்டியது உண்டு. தூரத்து ஆர்ஜேவுக்கு அந்த ஊர்ச் செய்தித் துணுக்குகளையும், தெருப் பெயர்களை எப்படிச் சொல்வது என்ற குறிப்பையும் அனுப்பிவைப்பார்கள். அவர் நேற்றுத்தான் அந்தத் தெருவில் காபி குடித்தவர் மாதிரி பேசுவார். பல நகரங்களில் ஒரே நேரத்தில் நடத்திய பரிசுப் போட்டியை அந்தந்த ஊர்ப் போட்டிபோல ஒலிக்க விட்டதற்காக, 2000-ம் ஆண்டு கிளியர் சேனல் ஃபுளோரிடா மாநிலத்திடம் பணம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. நம் ஊரில் பத்துப் பேர் போன் செய்வார்கள், நமக்கும் வாய்ப்பு உண்டு என்று டயல் செய்துகொண்டிருந்தவர், நாடு முழுவதும் டயல் செய்பவர்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோமேஷன் அப்படியென்ன புதிதா?

இல்லவே இல்லை. பெரிய டேப் சுருள்களை வைத்து, பாட்டின் முடிவில் காதுக்குப் புலப்படாத 25 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதித்து, அதைக் கேட்டதும் அடுத்த இயந்திரம் ஓடத் தொடங்கும் ஏற்பாடு எழுபதுகளிலேயே பரவலாக இருந்தது. எண்பதுகளில் செயற்கைக்கோள் வழியே இருபத்து நான்கு மணி நேரமும் நிகழ்ச்சி அனுப்பும் கம்பெனிகள் வந்தன. எந்தப் பாட்டு எப்போது என்பதைத் தீர்மானிக்கும் ‘செலக்டர்’ மென்பொருளை உருவாக்கிய ஆர்.சி.எஸ். கம்பெனி 1979-ல் பிறந்தது. 2006-ல் கிளியர் சேனல் அதையும் வாங்கிவிட்டது.

தொண்ணூறுகளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. ஹார்டு டிஸ்க் மலிவானது, நிலையங்கள் நெட்வொர்க்கில் இணைந்தன. டெக்சஸின் ஆஸ்டினில் உட்கார்ந்து பல ஊர்களுக்குக் குரல் கொடுக்கும் முறையை கேப்ஸ்டார் என்ற கம்பெனி அப்போதே நடத்திக் காட்டியது. பின்னால் நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கியபோது அந்தத் தொழில்நுட்பமும் கிளியர் சேனல் கைக்கு வந்தது.

அப்படியென்றால் வேலையைப் பறித்தது இயந்திரம்தானே?

இயந்திரம் வழியைத் திறந்தது. துரத்தியது கடன். இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்த விவகாரம் முழுதாகப் புரியாது.

2008 ஜூலையில் பெயின் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ பார்ட்னர்ஸ் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்கின. பழைய கடனையும் சேர்த்து பேரத்தின் மதிப்பு சுமார் 2,400 கோடி டாலர். இந்த வகைப் பேரத்தில் வாங்குகிறவர் கைப்பணம் கொஞ்சம்தான் போடுவார். மீதியைக் கடனாக வாங்கி, அதை வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே வைத்துவிடுவார். வீட்டை வாங்கியவர் தவணையைக் குடியிருப்பவரைக் கட்டச் சொல்வதுபோலத்தான். பேரம் முடிந்த சில மாதங்களில் பொருளாதாரச் சரிவு வந்தது, விளம்பரம் விழுந்தது. கடன் அப்படியே நின்றது.

2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்ற நாள். நாடே தொலைக்காட்சி முன் இருந்த அன்று கிளியர் சேனல் சுமார் 1,850 பேரை அனுப்பியது. கிட்டத்தட்ட ஊழியர்களில் 9 சதவீதம். ஏப்ரலில் இன்னும் 590 பேர். செய்தி அமுங்கிப்போக அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது. தற்செயலாகக்கூட இருக்கலாம், நான் நம்பவில்லை.

அதற்குப் பின் கம்பெனி அன்றாட வியாபாரத்தில் லாபம் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கு மேல் போனது. 2014-ல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018 மார்ச்சில், 2,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2019 மே மாதம் கடனை 575 கோடியாகக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தது. எட்டு மாதம் கழித்து வந்ததுதான் மேலே சொன்ன 2020 ஜனவரி.

மற்ற பெரிய கம்பெனிகளின் கதையும் இதே கதைதான். குமுலஸ் மீடியா 2017 நவம்பரில் திவால் மனு போட்டது. 2017-ல் சி.பி.எஸ். ரேடியோவை வாங்கிய என்டர்காம், பெயரை ஆடசி என்று மாற்றிக்கொண்டு, சுமார் 190 கோடி டாலர் கடனோடு 2024 ஜனவரியில் அதே படியேறியது. மூன்று கம்பெனிகளும் மூழ்கியது ஆர்ஜே சம்பளத்தால் அல்ல. நிலையங்களைக் கடன் வாங்கி வாங்கியதால்.

விளம்பரமும் நேயர்களும் இணையத்துக்குப் போனது பொய்யா?

பொய்யில்லை. உள்ளூர்க் கார் ஷோரூம் ரேடியோவுக்குக் கொடுத்த பணம் இன்று கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. காரின் முகப்புத் திரையில் ஸ்பாட்டிஃபை உட்கார்ந்துவிட்டது. கடனே இல்லாத நிலையமும் இன்று கஷ்டப்படுகிறது. ஆனால் வருமானம் குறையும்போது, கடனில்லாத முதலாளி குறைந்த லாபத்தோடு ஓட்டிப்பார்க்க முடியும். கடன்காரருக்கு அந்த வசதி இல்லை. பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற காலத்தில் ரேடியோவிடம் மட்டும் இருந்த சரக்கு அந்த ஊர்க் குரல். அதைத்தான் முதலில் வெட்டினார்கள்.

ஆர்ஜே வேலை மட்டும்தான் போகிறதா?

அவர் குரல் தெரிந்தது, அதனால் நமக்குத் தெரிகிறது. தெரியாமல் போனவர்கள் இன்னும் அதிகம். இரவு ஷிப்டில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் போனார்கள். விளம்பரங்களை நேரவாரியாக அடுக்கும் பிரிவு மையத்துக்குப் போனது. ஒரு நிலையத்துக்கு ஒரு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்பது போய், ஒருவர் நாலைந்து நிலையங்களுக்கு, சில சமயம் வேறு வேறு ஊர்களுக்கு, பொறுப்பேற்கிறார். ஒரு பொறியாளர் ஒரு வட்டாரத்தின் டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாவற்றுக்கும் வண்டியோட்டிக்கொண்டு போகிறார். உள்ளூர்ச் செய்தியாளர் என்ற பதவியே பல ஊர்களில் இல்லை. நகராட்சிக் கூட்டத்தில் ரேடியோக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்று காலி.

மைனாட் என்ற ஊரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

வட டகோட்டா மாநிலத்துச் சிறிய நகரம் அது. 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில், கனடியன் பசிபிக் சரக்கு ரயில் ஊருக்கு வெளியே தடம் புரண்டது. 112 பெட்டிகளில் 31 கவிழ்ந்தன. ஐந்து டேங்கர்கள் உடைந்து அன்ஹைட்ரஸ் அம்மோனியா மேகம் ஊர்ப்பக்கம் நகர்ந்தது. மூச்சை அடைக்கும், கண்ணை எரிக்கும் வாயு. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். உறையும் குளிர். மின்சாரம் போன வீடுகளில் பேட்டரி ரேடியோதான் கதி. வெளியே ஓடுவதா, கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று சொல்ல அதில் ஒரு குரல் இல்லை. பாட்டு ஓடியது.

ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனலுடையவை. அவசர அறிவிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட நிலையத்துக்குக் காவல் துறை போன் செய்தது, யாரும் எடுக்கவில்லை. இவ்வளவுதான் பெரும்பாலும் சொல்லப்படும். கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும்: நிலையத்தில் ஓர் ஊழியர் இருந்தார், பதறிப்போன ஊர்மக்களின் அழைப்புகளால் எல்லா லைன்களும் அடைத்துவிட்டன, காவல் துறை தன்னிடமிருந்த அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாக அமைத்து வைக்கவில்லை என்றார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆறு நிலையத்துக்கு ஆறு முதலாளிகள் இருந்திருந்தால், ஒரு லைன் அடைத்தாலும் இன்னொரு கதவைத் தட்டியிருக்கலாம்.

ஆபத்து நேரத்தில் பெரிய கம்பெனி நிலையங்கள் எப்போதுமே கைவிட்டுவிடுகின்றனவா?

அப்படிச் சொன்னால் அநியாயம். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரைப் புரட்டிப்போட்டது. மின்சாரம், செல்போன், குடிநீர், சாலை எல்லாம் போயின. அங்கே டபிள்யூ.டபிள்யூ.என்.சி. என்ற ஏ.எம். நிலையம் ஐஹார்ட்டுக்குச் சொந்தமானது. அந்த ஊர்க்காரர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து, எங்கே தண்ணீர் கிடைக்கிறது, எந்தச் சாலை இருக்கிறது, யார் யாரைத் தேடுகிறார்கள் என்று இரவும் பகலும் நேயர்களின் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி தன் மற்ற ஆஷ்வில் நிலையங்களிலும் அதையே ஒலிபரப்பியது. பொது வானொலியான புளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோவும் அதே வேலையைச் செய்தது.

அங்கே ஆள் மிச்சம் இருந்தார்கள், அதனால் நடந்தது. மைனாட்டுக்கும் ஆஷ்வில்லுக்கும் உள்ள வித்தியாசம் கம்பெனி அல்ல, ஒரே கம்பெனிதான்.

நிலையம் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லையா?

இருந்தது. உரிமம் பெற்ற ஊரிலோ அருகிலோ முதன்மை ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்ற விதி எண்பது வருடம் போல நீடித்தது. 2017 அக்டோபரில் எஃப்.சி.சி. மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அதை நீக்கிவிட்டது. இமெயிலும் இணையமும் இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு என்பது ஆதரித்தவர்களின் வாதம். சிறிய முதலாளிகளுக்கு அது உண்மையிலேயே செலவைக் குறைத்தது. பெரிய முதலாளிகளுக்கு மையங்கள் அமைக்க வாசல் திறந்தது. இன்று ஒரு நிலையம் அந்த ஊரில் கட்டாயமாக வைத்திருக்க வேண்டியதில் பெரிதாகக் கண்ணில் படுவது ஆன்டெனா மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவு ஆர்ஜே வந்துவிட்டாரா?

வந்துவிட்டார். 2023 ஜூனில் ஒரேகன் மாநிலம் போர்ட்லாந்தின் லைவ் 95.5 நிலையம் தன் பகல் நேர ஆர்ஜே ஆஷ்லியின் குரலை நகலெடுத்து ‘ஏஐ ஆஷ்லி’ என்று ஒலிக்க விட்டது. ஃபியூச்சரி என்ற கம்பெனியின் ரேடியோஜிபிடி மென்பொருள் பேச்சை எழுதியது, நகல் குரல் அதைப் பேசியது. உண்மையான ஆஷ்லியின் வேலை போகவில்லை என்றார்கள். இது ஏஐ என்று நேயர்களிடமும் சொன்னார்கள்.

சிட்னியில் அதையும் சொல்லவில்லை. காடா என்ற நிலையத்தில் ‘தை’ என்ற பெண் குரல் வார நாட்களில் தினமும் நான்கு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. அது ஏஐ என்று வெளியே தெரிய 2025 ஏப்ரல் ஆனது, கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்த நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரின் குரலை வைத்து உருவாக்கியது அது. ஆறு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதை ஏஐயின் வெற்றி என்கிறார்கள். மனித ஆர்ஜேக்களை ஏற்கெனவே எந்த அளவுக்கு வெறுமையாகப் பேச வைத்திருக்கிறோம் என்பதற்கும் அது சாட்சிதான்.

போலந்தில் 2024 அக்டோபரில் ஆஃப் ரேடியோ கிராகோவ் ஒரு படி மேலே போனது. அது கார்ப்பரேட் அல்ல, பொது வானொலி. தொகுப்பாளர்களை அனுப்பிவிட்டு மூன்று ஏஐ பாத்திரங்களைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று, 2012-ல் இறந்துபோன நோபல் கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்காவைப் ‘பேட்டி’ எடுத்தது. ஊர் கொதித்தது, கண்டன மனுவில் இருபதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதச் சோதனை என்று தொடங்கியது ஒரே வாரத்தில் முடிந்தது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 2020-ல் செயற்கை நுண்ணறிவைக் காரணம் காட்டி ஆட்களை அனுப்பிய ஐஹார்ட், 2025 இறுதியில் ‘கேரன்டீட் ஹியூமன்’ என்ற முழக்கத்தைத் தொடங்கியது. எங்களிடம் பேசுவது மனிதர்தான், ஏஐ ஆர்ஜே கிடையாது என்று உத்தரவாதம். நல்லதுதான். ஆனால் வேறு ஊரிலிருந்து முந்தின நாள் பேசி வைத்தவரும் அந்தக் கணக்கில் மனிதர்தான்.

வேலை போனவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் உண்டா?

குறைவு. பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-ம் வருடத்து மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது பொதுவாக ஒரே இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ போனால்தான் பொருந்தும். ரேடியோவில் ஊருக்கு நாலு பேர், ஆறு பேர் என்று நூறு ஊர்களில் போவார்கள். மொத்தம் பெரிய எண், ஒவ்வொரு இடத்திலும் சிறிய எண். சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளாது.

ஒப்பந்தத்தில் இன்னொரு கொக்கி இருக்கும். வெளியேறினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ அதே ஊரில் போட்டி நிலையத்தில் பேசக் கூடாது. ஊரில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, எல்லாக் கடைக்காரரும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் அந்தக் குரலை அந்த ஊரில் விற்க முடியாது. மாசசூசெட்ஸ், இல்லினாய், நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் ஒலிபரப்புத் தொழிலில் இந்த நிபந்தனையைத் தனிச்சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. தொழிற்சங்கம் என்றால் எஸ்.ஏ.ஜி.-ஆஃப்ட்ரா. பெரிய நகர நிலையங்கள் சிலவற்றில் அதற்குப் பலம் உண்டு. சிறிய ஊர்களில் பெரும்பாலும் இல்லை.

மற்ற நாடுகளில்?

பிரிட்டனில் விதிகள் தளர்ந்ததும், 2019-ல் குளோபல் நிறுவனம் கேப்பிட்டல், ஹார்ட், ஸ்மூத் நிலையங்களின் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டு லண்டனிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரே நிகழ்ச்சியைக் கொடுத்தது. பாவர் நிறுவனம் 2020-ல் பல உள்ளூர்ப் பெயர்களை அழித்து ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ’ என்ற ஒரே பலகையை மாட்டியது. கனடாவில் பெல் மீடியா 2024 பிப்ரவரியில் தன் 103 வானொலி நிலையங்களில் 45-ஐ விற்பதாக அறிவித்தது.

இந்தியாவில் தனியார் எஃப்.எம்.களுக்கும் இது வருமா?

ஏற்பாடு வேறு. இங்கே ஒரு நகரத்தின் மொத்த அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்க முடியாது. நாடு முழுவதும் உள்ளவற்றில் 15 சதவீதம் என்ற உச்சவரம்பும் இருந்தது; அதை 2022-ல் நீக்கிவிட்டார்கள். இரண்டும் தனியார் எஃப்.எம்.களுக்கென்று 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையில் இருந்தவை. தனியார் எஃப்.எம்.கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் முடியாது, அகில இந்திய வானொலிச் செய்தியை எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே இழப்பதற்குச் செய்திப் பிரிவே இல்லை. ஆனால் அதே கொள்கை, ஒரு கம்பெனி தன் நிலையங்களுக்குள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள வழிவிட்டது. பாட்டு அடுக்கும் ஆர்.சி.எஸ். மென்பொருள்கள் இங்கேயும் பல நிலையங்களில் ஓடுகின்றன. சாமான்கள் எல்லாம் தயாராகத்தான் இருக்கின்றன.

வேலை போனவர்கள் என்ன செய்கிறார்கள்?

பாட்காஸ்ட், விளம்பரக் குரல், ரியல் எஸ்டேட், பள்ளி விளையாட்டு வர்ணனை. சிலர் குறைந்த சக்தி எஃப்.எம். பக்கம் போனார்கள். 2000-ல் எஃப்.சி.சி. உருவாக்கிய வகை அது: 100 வாட், ஐந்தாறு கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும், லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும். 2011-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதற்கு இன்னும் இடம் கொடுத்தது. ஊர் பற்றிய பேச்சு அங்கே நிறைய; சம்பளம்தான் கிடையாது.

நான் கேட்கும் நிலையத்தில் ஆள் இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்ஜே மணி சொல்கிறாரா, இன்றைய ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். மழை கொட்டும்போது ‘அருமையான மாலை’ என்றால் பதில் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஸ்டூடியோ எண்ணுக்குப் போன் செய்து பாருங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு நிலையமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள்ளூர்ப் பிரச்சினைகள் பற்றி என்னென்ன ஒலிபரப்பினோம் என்று பட்டியல் போட்டு எஃப்.சி.சி. இணையதளத்தின் பொதுக் கோப்பில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஞாயிறு விடியற்காலை அரை மணி நேரம் மட்டும் இருந்தால் அதுவும் தெரியும். உரிமம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது நேயர்கள் ஆட்சேபம் எழுதலாம். அடுத்த சுற்று 2027 ஜூனில் மேரிலாந்து, வர்ஜீனியா பக்கமிருந்து தொடங்குகிறது.